விருந்து புகும் வாயில்: விருந்தோம்பல் மரபும் கிள்ளான் பள்ளத்தாக்கின் திறந்த இல்ல உபசரிப்பும்

முன்னுரை

மலேசியத் தமிழரின் பண்பாட்டு வாழ்வைப் பற்றிய கட்டுரைகளில் விருந்தோம்பல் குறித்து இருவகைக் கருத்துகள் மீண்டும் மீண்டும் இடம்பெறுகின்றன. சங்ககாலம் தொட்டுப் போற்றப்பட்டுவந்த விருந்தோம்பல், தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பாக இந்நாட்டில் அறாது தொடர்கின்றது என்பது ஒன்று. தோட்டத்தை விட்டு நகரம் புகுந்த தமிழர் அப்பண்பை இழந்துவிட்டனர். அடுக்குமாடி வீட்டின் இரும்புக் கம்பிக் கதவே அதற்குச் சான்று என்பது மற்றொன்று. முன்னது பெருமிதத்திலிருந்தும் பின்னது ஏக்கத்திலிருந்தும் பிறப்பவை. முரண்பட்டவைபோல் தோன்றினும் இரண்டும் ஓர் எடுகோளில் ஒன்றுபடுகின்றன. விருந்தோம்பல் தமிழரோடு உடன்பிறந்த குணம். அதனை வைத்திருக்கலாம், அன்றேல் தொலைத்துவிடலாம் என்பதே அவ்வெடுகோள்.

இக்கட்டுரை அவ்வெடுகோளை ஐயுறுகின்றது. பிறரை வரவேற்க மனம் மட்டும் போதாது. திறப்பதற்கு ஒரு வாயிலும், அதனைத் திறக்கும் உரிமையும் வேண்டும். இவ்வுரிமையைப் பழந்தமிழ் நூல்கள் அறிந்திருந்தன. இந்நாட்டுத் தோட்டத் தொழிலாளர் அதனை இழந்திருந்தனர். அதனைக் கேட்டுப் போராடவும் செய்தனர். கோலாலம்பூர், கிள்ளான் வட்டாரத்து இன்றைய திறந்த இல்ல உபசரிப்பை இப்பின்னணியில் மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

'விருந்து' என்னும் சொல்

இன்றைய வழக்கில் 'விருந்து' என்பது உணவைக் குறிக்கின்றது. பழைய வழக்கில் அது புதுமையையும், புதிதாக வந்தவரையும் குறித்தது. தொல்காப்பியச் செய்யுளியல் எண்வகை வனப்புகளுள் ஒன்றனுக்கு 'விருந்து' எனப் பெயரிடுகின்றது. புதிதாகப் புனையப்படும் யாப்பு என்பதே அதன் பொருள். ஆகவே, முன்பின் அறியாத ஒருவரே முதற்பொருளில் விருந்தாவார். உறவினர் இச்சொல்லுக்குள் இயல்பாக அடங்குபவர் அல்லர்.

இவ்வேறுபாட்டைத் திருக்குறள் தெளிவாகப் பேணுகின்றது. இல்வாழ்வான் ஓம்ப வேண்டியவரை எண்ணும் இடத்தில் (குறள் 43) விருந்தும் ஒக்கலும் தனித்தனியே சுட்டப்படுகின்றனர். அதிகார வைப்பும் இதனை உறுதிசெய்கின்றது. இல்லறவியலில் 9ஆம் அதிகாரம் விருந்தோம்பல். 23ஆம் அதிகாரம் ஈகை. பொருட்பாலில் 53ஆம் அதிகாரம் சுற்றந்தழால். புதியவரை வரவேற்றல், வறியவர்க்கு வழங்கல், உறவினரை அணைத்தல் ஆகிய மூன்றும் உணவளித்தல் என்னும் ஒரே செயலால் நிகழக்கூடியவை. ஆயினும், வள்ளுவர் அவற்றை ஒன்றாகக் கருதவில்லை. நம் கட்டுரையாளர் பலர் இம்மூன்றனையும் 'விருந்தோம்பல்' என்னும் ஒரே தலைப்பின்கீழ்த் தொகுத்துவிடுகின்றனர். குழப்பம் இவ்விடத்திலேயே தொடங்குகின்றது.

தொல்காப்பியக் கற்பியல் மற்றொரு செய்தியையும் தருகின்றது. தலைவன் தலைவியரிடையே தூதாக நின்று ஊடல் தீர்க்கும் பன்னிரு வாயில்களுள் விருந்தினரும் ஒருவர். விருந்தினர் வீட்டின் வாயில்வழி நுழைபவராக மட்டுமல்லாமல், வீட்டிலுள்ளோர் ஒருவரையொருவர் மீண்டும் அணுகுவதற்கு ஏதுவான வாயிலாகவும் விளங்கினார். புதியவர் ஒருவரின் வருகை வீட்டையே மாற்றும் ஆற்றலுடையது என்னும் உணர்வு இவ்விலக்கணத்தில் உள்ளது.

வாயிலும் இழப்பும்

விருந்தோம்பலைப் பாடும் புலவர்கள் உணவைக் காட்டிலும் வாயிலை உற்றுநோக்கியுள்ளனர். நன்னாகையாரின் குறுந்தொகை 118ஆம் பாடலில், இரவு கவியும் வேளையில் பலர் புகும் வாயிலை அடைக்க வந்தோர், இன்னும் உள்ளே வரவேண்டியவர் எவரேனும் உளரோ எனக் கேட்கின்றனர். தலைவனின் வாராமையை உணர்த்தவே இக்காட்சி அமைந்துள்ளது. எனினும், கதவடைக்குமுன் கேட்கப்படும் அவ்வினா ஒரு சமூக வழக்கத்தின் பதிவாகவும் நிற்கின்றது. விருந்தினர் வெளியே இருக்கத் தான் மட்டும் உண்பது சாவா மருந்தேயாயினும் விரும்பத்தக்கதன்று என்னும் குறளின் (82) கருத்தும் வாயிலின் அகம் புறம் பற்றியதே.

விருந்தோம்பலை இழக்கவும் கூடும் என்பதைச் சிலப்பதிகாரம் காட்டுகின்றது. மதுரைப் புறத்து ஆயர்பாடியில், மாதரியின் அடைக்கலத்தில், தன் கையால் சமைத்த உணவைக் கோவலனுக்குப் படைத்த பின்னர்க் கண்ணகி பேசும் பேச்சு கொலைக்களக் காதையில் உள்ளது. கணவன் பிரிந்திருந்த காலத்தில் அறவோர்க்கு அளித்தல் முதலானவற்றோடு விருந்தினரை எதிர்கொள்ளுதலையும் தான் இழந்ததாக அவள் கூறுகின்றாள். புகார் நகரத்துப் பெருவணிகர் குடும்பத்தைச் சேர்ந்த அவளுக்குப் பொருட்குறை தொடக்கத்தில் இருந்திருக்க இயலாது, மனக்குறையும் இல்லை. அவள் இழந்தது விருந்தினரை வரவேற்பதற்குரிய நிலையை. குணம் மாறாதிருக்கவும் நிலை பறிபோகலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று நம் இலக்கியத்தில் அரிது.

தோட்டத்து வாயில் எவருடையது?

கண்ணகியின் கூற்றை மனத்திற்கொண்டு மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களை நோக்குதல் தகும். லயத்து வீடு தொழிலாளியின் வீடன்று, நிறுவனத்தின் உடைமை. வேலை போனால் வீடும் போயிற்று. தோட்டத்தின் நுழைவாயிலும் நிறுவனத்துக்கே உரியது. வெளியார் எவர் வரலாம் என்பதைத் துரைமாரும் கிராணிமாரும் முடிவுசெய்தனர். தொழிலாளியைக் காணவந்த அண்ணனோ நண்பனோ நிர்வாகத்தின் பார்வையில் அத்துமீறி நுழைந்தவராக ஆகக்கூடும்.

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நிகழ்ந்த வேலைநிறுத்தம் மலேசியத் தொழிலாளர் வரலாற்றில் நன்கறியப்பட்டது. ஊதிய உயர்வு, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்கள்மீதான வன்முறையை நிறுத்துதல், துரைமார் எதிர்ப்படும்போது மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டிய கட்டாயத்தை நீக்குதல் முதலிய கோரிக்கைகள் அதில் முன்வைக்கப்பட்டன. அவற்றோடு, உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோகும் உரிமையும் ஒரு கோரிக்கையாக இடம்பெற்றிருந்தது. போராட்டத்தின் முன்னணியில் நின்ற ஆர். எச். நாதன் கைதுசெய்யப்பட்டு நாடுகடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர்.

இக்கோரிக்கைப் பட்டியல் பெரும்பாலும் அரசியல் வரலாறாகவே படிக்கப்பட்டுவந்துள்ளது. அதனைப் பண்பாட்டு ஆவணமாகவும் படித்தல் வேண்டும். கூலியும் மருந்தும் கேட்ட அதே தாளில் விருந்தினரையும் கேட்ட மக்கள், விருந்தோம்பலை எத்துணை இன்றியமையாததாகக் கருதியிருந்தனர் என்பது இதனால் விளங்கும். அவர்கள் அதனைச் செய்ய இயலாதிருந்தனர் என்பதும் உடன் விளங்கும். சங்ககாலத்திலிருந்து இன்றுவரை அறாத தொடர்ச்சி ஒன்று உண்டு என்னும் கருத்து இவ்விடத்தில் நின்றுபோகின்றது.

ஏக்கத்தோடு தோட்டத்தை நினைவுகூர்வோர்க்கும் இங்கு விடை உண்டு. தீபாவளி விடியலில் முறுக்கும் அதிரசமும் நெய்யுருண்டையும் தட்டில் அடுக்கி, துணியால் மூடி, பிள்ளைகள் கையில் லயத்தின் ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்பிய வழக்கம் உண்மையானது, அன்பு செறிந்தது. ஆயினும், கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே வாயிலுக்குள் அடைபட்டிருந்தவர்களே. வள்ளுவரின் பகுப்பின்படி அது சுற்றந்தழால். புதியவர் புகுவதற்கு அங்கே வழி குறுகியிருந்தது. அதனையே விருந்தோம்பலின் பொற்காலமாகக் கொள்வது சொல்லுக்கும் வரலாற்றுக்கும் பொருந்தாது.

நகரத்தின் திறந்த இல்லம்

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புத் திட்டங்களாக மாறியும் மறைந்த பத்தாண்டுகளில், தமிழர் பெருந்தொகையினராகக் கிள்ளான் பள்ளத்தாக்குக்குக் குடிபெயர்ந்தனர். புறம்போக்குக் குடியிருப்புகள், மலிவுவிலை அடுக்குமாடிகள், தாமான்களின் வரிசை வீடுகள் என அவர்களின் வாழ்விடம் பலவாறாயிற்று. இந்நகர வாழ்விலேயே திறந்த இல்ல உபசரிப்பு அவர்களிடையே வேரூன்றியது. நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, கிறிஸ்துமஸ் ஆகிய பெருநாள்களிலும் காணப்படும் இம்மரபு மலேசியர் அனைவர்க்கும் பொதுவானது. 'திறந்த இல்லம்' என்னும் தொடரே மலாய்த் தொடரின் தமிழாக்கமாகும். இதனைச் சங்க மரபின் எச்சம் எனத் தமிழர் தனியுரிமை கொண்டாடுதல் அண்டை வீட்டாரிடம் கற்றதை மறைப்பதாக முடியும்.

ஆனால், கடன்பெற்ற இவ்வடிவம் 'விருந்து' என்னும் சொல்லின் பழம்பொருளுக்கு நம் வேறெந்தக் கூடலையும்விட நெருங்கிவருகின்றது. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசியக் குடிமக்களுள் இந்தியர் 6.7 விழுக்காட்டினர். இத்தகைய சிறுபான்மையினரின் வீட்டுக்குள் பெருநாளன்று மலாய், சீன அண்டை வீட்டாரும், அலுவலகத் தோழரும், அவர்கள் உடனழைத்து வரும் அறிமுகமற்றோரும் நுழைகின்றனர். பெயர் கேட்குமுன் தட்டு நீட்டப்படுகின்றது. திருமண மண்டபத்தில் அழைப்பிதழ் பெற்ற உறவினர் வரிசையாக அமர்ந்து உண்பதனோடு ஒப்பிட்டால் இதன் வேறுபாடு புலப்படும். அங்கு ஒக்கல், இங்கு விருந்து.

உணவு ஏற்பாட்டிலும் இவ்வேறுபாடு தெளிவாகும். இசுலாமிய விருந்தினரை எதிர்பார்க்கும் தமிழ்க் குடும்பம் கோழியையும் ஆட்டிறைச்சியையும் ஹலால் கடையில் வாங்குகின்றது. பன்றியும் மாடும் தவிர்க்கப்படுகின்றன. சைவ உணவுக்குத் தனி மேசை போடப்படுகின்றது. வீட்டுப் பாத்திரத்தில் உண்ணத் தயங்குவோர் நாணாதிருக்கக் காகிதத் தட்டும் நெகிழிக் கரண்டியும் வைக்கப்படுகின்றன. பண்டைப் புரவலன் பாணரோடு கள்ளுண்டு மகிழ்ந்ததை ஔவையார் அதியமானைப் பாடிய புறநானூற்றுப் பாடல் (235) நினைவுகூர்கின்றது. இன்றைய நகர வீடுகள் பலவற்றில் மது பகல்நேர மேசைக்கு வருவதில்லை. வரும் வீடுகளிலும் இரவுக்கும் பின்கட்டுக்கும் ஒதுக்கப்படுகின்றது. மரபிலிருந்து விலகுவதுபோல் தோன்றும் இவ்வொதுக்கமே மரபின் உயிரைப் பேணுகின்றது. முகந்திரிந்து நோக்கினால் விருந்தினர் அனிச்சத்தினும் விரைவில் வாடுவர் என்றுரைத்த குறளின் (90) அக்கறை, இக்காலத்தில் இத்தகைய சிறு ஏற்பாடுகளிலேயே வெளிப்படுகின்றது.

அடுக்களையின் புகை

திறந்த இல்லத்தைக் குறைகூறுவோர், உணவைச் சமையல் ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிடுவதைப் பண்பாட்டுச் சரிவாகக் காட்டுவர். இக்குற்றச்சாட்டை ஆராயுமுன் மாங்குடி கிழாரின் நற்றிணை 120ஆம் பாடலைக் காணுதல் வேண்டும். புகையால் கண் சிவக்க, நெற்றி வியர்வையை முன்தானையால் துடைத்தபடி தலைவி அடுக்களையில் நிற்கின்றாள். ஊடியிருக்கும் அவள் தன் சினத்தை மறைத்து முறுவலிக்க வேண்டுமாதலின், விருந்தினர் வரட்டும் எனத் தலைவன் விரும்புகின்றான். உரையாசிரியர்களும் பிற்கால ஆய்வாளர்களும் அம்முறுவலையே பெரிதும் போற்றினர். புலவர் புகையையும் வியர்வையையும் விடாமல் பதிவுசெய்திருக்கின்றார். விருந்தோம்பலின் புகழ் தலைவனுக்கும் அதன் உழைப்பு தலைவிக்கும் உரியனவாக இருந்த நிலை அப்பாடலிலேயே உள்ளது.

நாள் முழுதும் வருவோர்க்கு அறுபது எழுபது தட்டு உணவைத் தம் கையால் சமைத்துப் பரிமாற வேண்டுமென ஒரு பெண்ணை எதிர்பார்ப்பது மரபுப்பற்று ஆகாது. சமைத்தவர் எவர் என்பதைவிட வாயிலில் நின்று வரவேற்பவர் எவர் என்பதே தகுந்த அளவுகோல். இவ்வளவுகோலைக் கொண்டே அரசியற்கட்சிகளும் அமைச்சர்களும் திடல்களிலும் மண்டபங்களிலும் நடத்தும் பெருந்திரள் உபசரிப்புகளையும் மதிப்பிடலாம். அவை ஒற்றுமைக்குப் பயன்படலாம். பசித்தோர் வயிறும் நிறையலாம். ஆனால், வரிசையில் நின்று பொட்டலம் பெறுபவர் விருந்தினர் அல்லர், பயனாளி. ஈகை என்னும் அதிகாரத்தின்கீழ் அதனைப் போற்றுவதற்குத் தடையில்லை. 'திறந்த இல்லம்' என்னும் பெயர் மட்டும் அதற்குப் பொருந்தாது; அங்கு இல்லம் இல்லை.

இடம் என்னும் சிக்கல்

விருந்தோம்புவதற்கு இடம் வேண்டும் என்னும் எளிய உண்மையை நம் இலக்கியத் திறனாய்வு போதுமான அளவு பேசியதில்லை. 2001 மார்ச்சு மாதம் பெட்டாலிங் ஜெயாவின் கம்போங் மேடான் பகுதியில் நிகழ்ந்த இனமோதலில் அறுவர் உயிரிழந்தனர். அதன் தொடக்கமாகக் கூறப்பட்டவற்றுள், நெருக்கமான குடியிருப்பில் மலாய்த் திருமணப் பந்தலும் இந்தியர் இழவு வீடும் ஒருசேர அமைந்த சூழலும் அதிலிருந்து கிளைத்த தகராறும் அடங்கும். வறுமையும் நெருக்கடியும் புறக்கணிப்பும் அம்மோதலின் ஆழ்ந்த காரணங்கள். எனினும், ஒரு வீட்டின் விருந்தும் மற்றொரு வீட்டின் துயரும் ஒரே சந்தைப் பகிர்ந்துகொள்ள நேர்ந்த நிலை நம் கவனத்துக்குரியது. தாமான் வாழ் நடுத்தரக் குடும்பம் வீட்டின்முன் கூடாரம் அமைத்து நாற்காலி இடுகின்றது. மலிவுவிலை அடுக்குமாடிக் குடும்பத்துக்கு அவ்வாய்ப்பு இல்லை. கூடமும் நடைபாதையுமே அதற்குரியவை. அத்தகைய வீட்டில் அழைப்பு குறைவாயிருப்பின் மனம் சுருங்கிவிட்டது எனத் தீர்ப்பளிப்பது அறமாகாது.

செல்வோரின் கடன்

விருந்தோம்பலைப் பற்றிய நூல்கள் ஓம்புவோரையே மிகுதியாகப் பேசுகின்றன. உண்ணச் செல்வோரின் கடனைப் பேசுபவை ஆற்றுப்படைகள். பொருநராற்றுப்படையில், கரிகாலனின் அரண்மனையில் இரவும் பகலும் ஊன் தின்று பல் மழுங்கிய பொருநன், ஊருக்குத் திரும்ப விரும்புவதை மெல்ல எடுத்துரைக்கின்றான். எம் கூட்டத்தை விட்டு விரைந்து நீங்குவீரோ என மன்னன் வெகுண்டான்போல் வினவுகின்றான். விடைபெறுதலின் தயக்கமும் விடைகொடுத்தலின் வருத்தமும் அங்கு ஒருங்கே அமைகின்றன. வழியில் எதிர்ப்பட்ட வேறொரு பொருநனுக்கு அவ்வாயிலைக் காட்டிவிடுவதே உண்டவன் ஆற்றும் கைம்மாறு.

இன்றைய விருந்தினர் ஒரே நாளில் நான்கைந்து வீடுகளுக்குச் செல்கின்றார். ஒவ்வொரு வீட்டிலும் சிறிதளவு உண்டு, பிள்ளைகளுக்கு அங்பாவ் கொடுத்து, படம் எடுத்து, அடுத்த வீட்டின் நேரத்தைச் சொல்லி எழுகின்றார். இந்த விரைவை இகழ்ச்சியாகக் கொள்ளுதல் வேண்டா. பல வாயில்களை ஒரே நாளில் மிதிப்பதும் ஒருவகை மதிப்பே. ஆயினும் ஆற்றுப்படையின் கைம்மாறு இங்குக் குறைந்துவருகின்றது. புலனத்தில் வரும் அழைப்பு, பெயர் குறித்து, மணி குறித்து, வருவோர் எண்ணிக்கையையும் கேட்டு வருகின்றது. அத்தகைய அழைப்பைப் பெற்றவர் மற்றொருவரை உடனழைத்துச் செல்லத் தயங்குகின்றார். புதியவர் நுழைவது பெரிதும் முன்பே அழைக்கப்பட்ட விருந்தினர்வழியே. அவர் தயங்கினால் திறந்த இல்லம் மெல்ல மெல்ல அழைக்கப்பட்டோர் கூட்டமாகிவிடும்.

மீண்டும் ஒரு நுழைவாயில்

பிரிக்பீல்ட்ஸ் இம்மாற்றத்தைக் காண ஏற்ற இடமாகும். இரயில்வே ஊழியரும் அரசு ஊழியரும் தங்கிய வரிசைக் குடியிருப்புகளால் உருவான ஊர் அது. பழைய இரயில்வே நிலத்தில் கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையம் 2001இல் திறக்கப்பட்டது. அதனைச் சூழ உயர்மாடிகள் எழுந்தன. 2010 அக்டோபர் 27ஆம் நாள் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் மலேசியப் பிரதமர் நஜிப் ரசாக்கும் அங்கு 'லிட்டில் இந்தியா'வைத் தொடக்கிவைத்தனர். இன்று தீபாவளிக்கு முந்திய வாரங்களில் அங்கும் கிள்ளானின் தெங்கு கிளானா சாலையிலும் கூடும் கூட்டம் பெரிது. தெருவில் பண்பாடு அனைவர்க்கும் திறந்து கிடக்கின்றது. அதே வேளையில் வீடுகள் காவற்கூடங்களுக்குப் பின்னே உயர்ந்துகொண்டிருக்கின்றன. உயர்மாடிக்கும் வேலியிட்ட குடியிருப்புக்கும் செல்வோர் முதலில் காவலரிடம் பெயரும் வண்டி எண்ணும் வீட்டு எண்ணும் தருதல் வேண்டும். வீட்டு எண் அறியாதவர் உள்ளே செல்ல இயலாது.

1941இல் தொழிலாளர் எதிர்த்த நுழைவாயிலும் இன்றைய காவற்கூடமும் ஒன்றல்ல. அதனைப் பிறர் அவர்கள்மீது சுமத்தினர். இதனை நாமே பாதுகாப்புக்காக விலைகொடுத்துப் பெறுகின்றோம். ஆயினும் விருந்தினரின் நிலையிலிருந்து நோக்கின் இரண்டும் ஒரே வினாவையே கேட்கின்றன: நீ எவரைக் காண வந்தாய்? குறுந்தொகையின் வாயிலில் கேட்கப்பட்ட வினா இதற்கு எதிர்நிலையில் உள்ளது. 2020 நவம்பர் 14ஆம் நாள் தீபாவளி வந்தபோது, கிருமித்தொற்றின் காரணமாகக் கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் நிபந்தனைக்குட்பட்ட நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பிலிருந்தது. திறந்த இல்ல உபசரிப்புக்கு இடமில்லாது போயிற்று. சட்டத்தால் அடைபட்ட கதவு பின்னர்த் திறந்தது. வசதிக்காக நாமே அடைக்கும் கதவுக்குத் திறக்கும் நாள் குறிக்கப்படுவதில்லை.

முடிவுரை

கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரின் திறந்த இல்ல உபசரிப்பு சங்க மரபின் நேரடித் தொடர்ச்சி அன்று. தோட்டத்து நுழைவாயில் அத்தொடர்ச்சியை இடைமறித்திருந்தது. நகரத்தில் தமக்கென ஒரு கதவைப் பெற்ற மக்கள், பிற இனத்தாரோடு பகிர்ந்துகொண்ட ஒரு வடிவத்தில், தம் முன்னோர் கேட்டுப் பெறாத உரிமையைச் செயற்படுத்துகின்றனர். அதன் மதிப்பு அதன் தொன்மையில் இல்லை; அது மீட்கப்பட்டது என்பதில் உள்ளது.

இம்முடிவு வகுப்பறைக்கும் பயன்படுவதாகும். விருந்தோம்பல் அதிகாரத்துக் குறள்களைப் பொருளுரைத்து மனனம் செய்விக்கும் ஆசிரியர், கிள்ளான் தொழிலாளரின் கோரிக்கைப் பட்டியலையும் அதனோடு சேர்த்துக் கற்பிக்கலாம். தங்கள் பாட்டனும் பாட்டியும் ஒரு விருந்தினரை வீட்டுக்கு அழைக்கும் உரிமைக்காக வேலையை நிறுத்தினர் என்பதை அறிந்த மாணவர், தீபாவளியைப் பற்றிய கட்டுரையில் பலகாரங்களின் பெயர்களை அடுக்குவதோடு நிற்கமாட்டார். இவ்வாண்டு தம் வீட்டுக்கு முதன்முறையாக வந்தவர் எவர் என்பதையும் எழுத முற்படுவார்.